முதல்வரின் அனுமதியும் மாணவர் பத்திரிகையும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கல்லூரி மேகசினில் தமிழுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குகிறார்கள், அதிலும் கவிதைதான் வருகிறது. நீங்கள் ஆறு பேர் சேர்ந்து, தமிழும் மலையாளமுமாக, வளாகச் செய்திக்கென்றே மாதம் ஒரு நாலு பக்கத் தாள் கொண்டுவர நினைக்கிறீர்கள். முதல்வரிடம் அனுமதி வாங்க வேண்டுமா, வாங்கினால் அதைச் சுதந்திரமான பத்திரிகை என்று சொல்லிக்கொள்ளலாமா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு நாள் ‘நிறுத்து’ என்றால் நிற்காதபடி ஒரு தாளை எப்படி அமைப்பது? எனக்குச் சொல்லத் தெரிந்தது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் நாளிதழ் மேசையில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தேன். இப்போது இதழியல் மாணவர்களுக்குச் செய்தி எழுதவும் பக்கம் கட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். வழக்கறிஞர் அல்ல. சட்டம் பற்றி நான் சொல்வதை, பதிவுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். மாணவனாக இருந்தபோது நானும் இதே எல்லைப் பகுதியில் ஒரு தாள் நடத்தினேன், எண்பதுகளின் கடைசியில். முதல் இரண்டு இதழும் சைக்ளோஸ்டைல். ஸ்டென்சில் என்ற மெழுகுத் தாளில் எழுத்தை வெட்டி, மை தடவி, இரவில் நாங்களே உருட்டிப் பிரதியெடுத்தோம். மூன்றாவது இதழை நல்ல அச்சில் கொண்டுவர ஆசைப்பட்டு பொள்ளாச்சியில் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. புரூப் பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் போனால் அச்சகக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கோத்த எழுத்தைக் கலைச்சுட்டேன் தம்பி” என்றார். அச்சுக்கு அடுக்கிவைத்த எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவிட்டார், இனி அச்சில்லை என்று அர்த்தம். கல்லூரியின் ரசீதுப் புத்தகமும் தேர்வுத் தாளும் அவரிடம்தான் அச்சாகின்றன என்பது எங்களுக்குத் தெரியாது. கல்லூரியிலிருந்து ஒரு வார்த்தை போயிருக்கிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்குப் பிழைப்பு அது. எங்களிடம் யாரும் எதையும் தடை செய்யவில்லை, ஒரு கடிதம்கூட வரவில்லை. தாள் மட்டும் நின்றுபோனது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு, மாணவர் பத்திரிகையை அச்சடிக்கும் அச்சகத்துக்கு ஒரு டீன் தொலைபேசியில் பேசி, நிர்வாகம் பார்த்துச் சொல்லும்வரை அச்சடிக்க வேண்டாம் என்றார். மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த டீன் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. இன்னும் பின்னால் போனால், திருவிதாங்கூரில் 1910 செப்டம்பரில் ‘சுதேசாபிமானி’ பத்திரிகைக்கு நடந்ததும் இந்த வகைதான். ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தித் திருநெல்வேலியில் கொண்டுவந்து விட்டார்கள், அச்சகத்தைப் பறிமுதல் செய்தார்கள். அச்சகத்தின் உரிமையாளர் வக்கம் மௌலவி. ஆசிரியர் எழுதுவதில் அவர் தலையிட்டதில்லை, அதனால் அச்சகத்தையே இழந்தார். இது மாணவர் பத்திரிகைக் கதை இல்லைதான். ஆனால் எங்கே பிடித்தால் ஒரு பத்திரிகை நிற்கும் என்பதற்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகத் தெரிந்த உதாரணம் இதுதான்.

சரி, அனுமதிக்கு வருகிறேன். வெளியே அச்சடித்து வெளியே கொடுக்கும் ஒரு தாளுக்குக் கல்லூரி முதல்வரின் அனுமதி தேவை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1950இல் ரமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு கருத்தை அச்சிடுவதோடு அதை மக்களிடம் கொண்டுசேர்ப்பதும் பேச்சுரிமையில் அடங்கும் என்றது. பம்பாயிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று போட்ட தடையை எதிர்த்த வழக்கு அது. இவ்வளவும் உறுதி. கல்லூரி வளாகத்துக்குள் வந்ததும் நிலைமை மாறுகிறது. வளாகத்துக்குள் அரசியல் செயல்பாட்டைத் தடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு பத்திரிகையைப் பற்றியது அல்ல. ஆனாலும் ஒரு செய்தித்தாளை ‘அரசியல் செயல்பாடு’ என்று ஒரு நிர்வாகம் சொல்ல நினைத்தால் வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆகவே எழுதுவதற்கும் அச்சடிப்பதற்கும் அனுமதி கேட்காதீர்கள். வகுப்பறைக்குள்ளும் நூலக வாசலிலும் கொடுப்பதற்கு மட்டும், ‘இந்த இடத்தில், இந்த நாளில் விநியோகிக்கிறோம்’ என்று கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், கேட்கத் தேவையில்லாத அனுமதியையும் கேட்டதாகிவிடும். மறுத்தால் வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்று கொடுக்கலாம்.

பதிவு விஷயம் இதைவிடச் சிக்கல். 1867ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், பத்திரிகைகள் பதிவுக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறித்த இடைவெளியில், பொதுச் செய்தியையோ அதன் மேலான கருத்தையோ தாங்கி அச்சில் வருவதெல்லாம் பருவ இதழ். அதற்குப் பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவில்லாமல் வெளியிட்டால் 5 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடமிருக்கிறது. பழைய சட்டத்தில் ‘அச்சடித்தல்’ என்பதில் சைக்ளோஸ்டைலும் சேர்த்தி. அது எங்களுக்கு அன்று தெரியாது, அச்சில்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இனிச் சந்தேகமான பகுதி. தமிழ்ச் சிற்றிதழ்களின் கடைசிப் பக்கத்தில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். நீண்ட கால வழக்கம் அது, பல இதழ்கள் அதை வைத்தே ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கின்றன. ஆனால் அந்த வரியைப் போட்டால் விலக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. வழக்கத்தில் தொந்தரவு வராமல் இருப்பதும் சட்டத்தில் பாதுகாப்பு இருப்பதும் வேறு வேறு. ஆறேழு மாதம் ஓடி, இது நிலைக்கும் என்று தெரிந்ததும் பதிவு செய்துவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம். அதுவரை கேரளக் கல்லூரிகளில் நல்ல மரபு உள்ள ஒரு வழி இருக்கிறது: கையெழுத்துப் பத்திரிகை, சுவர்ப் பத்திரிகை. ஒரே பிரதி, கையால் எழுதியது. பதிவுத் தொல்லை இல்லை, அச்சகக்காரரின் பயமும் இல்லை. சுவருக்கு மட்டும் கல்லூரியிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம், சுதந்திரம். நான் சந்தித்த மாணவர்களில் பலர், நிர்வாகத்தைக் காரமாகத் திட்டி எழுதுவதுதான் சுதந்திரம் என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் சூட்டை வைத்து நான் அதை அளப்பதில்லை. பணம் யாருடையது, ஆசிரியரை நீக்கும் அதிகாரம் யாரிடம், தாள் வெளியே வரும் வழி யார் கையில் என்று மூன்றைத்தான் பார்ப்பேன். பெர்க்லியின் ‘டெய்லி கலிபோர்னியன்’ 1971இல் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்தது. ஒரு தலையங்கத்துக்காக நிர்வாகம் ஆசிரியர்களை நீக்கப் பார்த்ததுதான் காரணம். புளோரிடா பல்கலைக்கழகத்தின் ‘அலிகேட்டர்’ 1971இல், கருக்கலைப்பு ஆலோசனை கிடைக்கும் இடங்களின் பட்டியலை வெளியிட்டது. அன்றைய மாநிலச் சட்டப்படி அது குற்றம், ஆசிரியர் கைதானார். நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. 1973இல் பத்திரிகை வளாகத்தை விட்டு வெளியேறி, ‘சுதந்திர’ என்ற சொல்லைப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. ஸ்டான்போர்டு மாணவர்களின் ‘ஸ்டான்போர்டு டெய்லி’யும் அதே 1973இல்தான் தனி நிறுவனமானது. ஆக்ஸ்போர்டில் 1920இல் தொடங்கிய ‘செர்வெல்’ மாணவர்களே நடத்தும் ஒரு கம்பெனியின் சொத்து. எல்லாவற்றிலும் பணமும் ஆசிரியர் நியமனமும் நிர்வாகத்தின் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பிரிவினையின் பலன் ஐம்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது. 2022 நவம்பரில், தியோ பேக்கர் என்ற முதலாண்டு மாணவர் ‘ஸ்டான்போர்டு டெய்லி’யில், பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெசியர்-லவீன் பங்கேற்ற பழைய ஆய்வுக் கட்டுரைகளின் படங்களில் திருத்தம் செய்யப்பட்டிருப்பதாக எழுந்த புகார்களை எழுதத் தொடங்கினார். விசாரணைக் குழு அமைந்தது. 2023 ஜூலையில் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார். இதைச் சொல்லும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவரே மோசடி செய்தார் என்று குழு சொல்லவில்லை. அவர் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரைகளில் குறைகள் இருந்தன, தெரிந்த பிறகும் அவற்றைத் திருத்தப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்றுதான் சொன்னது. அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றி எழுதுவது உங்கள் தாளுக்கும் உயிர். விடுதிக் கணக்கில் 40 கிலோ அரிசி குறைந்தால் ‘40 கிலோவுக்குக் கணக்குக் காட்டப்படவில்லை’ என்று எழுதுங்கள். ‘வார்டன் திருடினார்’ என்பது வேறு செய்தி, அதற்கு வேறு ஆதாரம் வேண்டும். அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தில்தான் இருக்கிறது. பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல். உண்மையாக இருப்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்படும் ஆளிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் பதிலையும் அதே பக்கத்தில் போடுங்கள். பாலியல் தொல்லைப் புகார்களில் இன்னும் கவனம் தேவை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. உங்கள் கோபம் எவ்வளவு நியாயமானாலும் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். அடிபடுவது புகார் கொடுத்த பெண்ணாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்துக்கென்று தனியாகச் சில இருக்கின்றன. கேரளக் கல்லூரிகளில் மேகசின் ஆசிரியர் பதவிக்கே தேர்தல் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். மாணவரே ஆசிரியர், பக்கத்தில் ஸ்டாஃப் எடிட்டராக ஒரு பேராசிரியர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மாணவ ஆசிரியர் ஏதாவது ஒரு மாணவர் அமைப்பின் பேனலில் நின்று ஜெயித்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். அதனால் உங்கள் சுதந்திரம் நிர்வாகத்திடமிருந்து மட்டும் இருந்தால் போதாது, மாணவர் யூனியனிடமிருந்தும் வேண்டும். முதல் இதழ் வந்ததுமே ‘அச்சுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஏதாவது ஓர் அமைப்பிலிருந்து அன்போடு வருவார்கள். நல்ல பிள்ளைகளாகவே இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜெராக்ஸ் கடை, பேக்கரி, மெஸ், செல்போன் கடை என்று பத்துச் சின்ன விளம்பரம் வாங்குங்கள். ஒருவர் விலகினால் தாள் நிற்காத அளவுக்கு ஒவ்வொன்றும் சிறியதாக இருக்கட்டும். வரவு செலவை ஒவ்வொரு இதழிலும் நாலு வரியில் போடுங்கள். அச்சகத்தைப் பொறுத்தவரை, உங்கள் கல்லூரியின் வேலை எதுவும் செய்யாத ஒன்றாகத் தேடுங்கள். இது என் மூன்றாவது இதழ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

முதல்வரிடம் எப்படிப் பேசுவது என்றும் யோசித்திருக்கிறேன். 2014இல் குன்னங்குளம் அரசு பாலிடெக்னிக்கின் மேகசினில், நரேந்திர மோடியின் படத்தை ஹிட்லர் முதலானோரின் வரிசையில் வைத்ததற்காக வழக்குப் பதிவானது. மாணவர்களோடு முதல்வர் மீதும் வழக்கு. அந்தப் பக்கம் சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கல்லூரியின் பெயரில் வரும் இதழுக்கு முதல்வரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் அவர் ஒவ்வொரு வரியையும் பார்க்க நினைக்கிறார் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவரிடம் போய், “சார், தாளில் கல்லூரியின் பெயரையோ சின்னத்தையோ போடவில்லை, கல்லூரிப் பணம் ஒரு ரூபாய் இல்லை, வெளியிடுபவர் பெயரும் முகவரியும் எங்களுடையது, இதற்கு நீங்கள் பொறுப்பு இல்லை” என்று சொல்லுங்கள். உங்களைத் தனியே நிறுத்தும் ஏற்பாடு அவரையும் விடுவிக்கிறது. பேசிப் பார்த்த ஒன்றிரண்டு இடங்களில் இது வேலை செய்ததைக் கண்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் செய்யும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

எதை எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு இதில்தான் ஆசை அதிகம், கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ஆழியாற்றுத் தண்ணீர் பற்றிய செய்தியைக் கோயம்புத்தூரில் அச்சாகும் தமிழ் நாளிதழில் ஒருமுறை படியுங்கள், பாலக்காட்டுப் பதிப்பு மலையாள நாளிதழில் ஒருமுறை படியுங்கள். எல்லையருகே உள்ள மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும் என்பது பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம். ஒரு பத்திரிகை பொள்ளாச்சி விவசாயியிடம் பேசியிருக்கும், மற்றது சித்தூர் விவசாயியிடம். இரண்டு மேசையிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன், எந்தப் பக்கம் வாசகர் இருக்கிறாரோ அந்தப் பக்கம் தலைப்பு தானாகச் சாயும். உங்கள் வகுப்பில் அந்த இரண்டு விவசாயியின் பிள்ளைகளும் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் போய்க் கேட்டு எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான். பெரிய பத்திரிகைகளால் இது முடியாது, முடிந்தாலும் செய்வதில்லை.

சின்னச் செய்திகளும் அப்படித்தான். தனியார் பஸ்ஸில் மாணவர் கன்சஷன் கொடுக்காமல் இறக்கிவிடுவது, இ-கிராண்ட்ஸ் எனும் கேரள அரசின் உதவித்தொகை வராதது, மலையாளத்தில் மட்டும் ஒட்டிய நோட்டீஸைப் படிக்க முடியாமல் கடைசித் தேதியைத் தவறவிட்ட முதலாண்டுப் பிள்ளை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் அதில் சந்தேகமே இல்லை. ‘உதவித்தொகை ஏன் வரவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாகத்தான் பதில் வரும். ‘எத்தனை விண்ணப்பம் கல்லூரிக்கு வந்தது, எந்தத் தேதியில் மேலே அனுப்பப்பட்டது’ என்று கேளுங்கள். தேதி கிடைத்தால் தாமதம் கல்லூரியிலா, அதற்கு மேலேயா என்று தெரிந்துவிடும். அந்த ஒரு செய்தி நூறு மாணவர்களுக்குப் பயன்படும், யாரும் அவதூறு என்று சொல்லவும் முடியாது.

மொழியைப் பற்றி ஒன்று. தமிழ்ச் செய்தியை மலையாளத்தில் பெயர்த்துப் போடும் திட்டத்தை விட்டுவிடுங்கள், இரண்டு மாதத்தில் சலித்துவிடும், பக்கமும் போதாது. இரண்டு பக்கம் தமிழ், இரண்டு பக்கம் மலையாளம், ஒவ்வொன்றிலும் அந்தந்த மொழிக்காரர் எழுதட்டும். முதல் பக்கத்தில் மட்டும் மற்ற மொழிச் செய்திகளின் சுருக்கத்தை ஆறு வரியில் கொடுங்கள். வேலந்தாவளம், வண்ணாமடை போன்ற எல்லையோர ஊர்களில் வீட்டில் பேசுகிற தமிழ் கட்டுரையில் வந்தால் வெட்டாதீர்கள். மேற்கோளுக்குள் அது அப்படியே இருக்க வேண்டும்.

மாணவர் பத்திரிகைகள் தடையால் சாவதைவிட, நடத்தியவர்கள் படிப்பு முடித்துப் போவதால் சாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். நீங்கள் ஆறு பேரும் ஒரே வகுப்பு என்று எழுதியிருந்தீர்கள், எனக்குக் கவலை அங்கேதான். இப்போதே முதலாண்டிலிருந்து மூன்று பேரைச் சேருங்கள். ஆசிரியர் பொறுப்பு இரண்டாமாண்டு மாணவரிடம் இருக்கட்டும், இறுதியாண்டு மாணவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும். வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரில். கடைசி மூன்று இதழில் எழுதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால் ஒழிய ஆசிரியரை நீக்க முடியாது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சண்டை வருவதற்கு முன்னால் எழுதினால்தான் அது எழுதப்படும்.

ஒவ்வொரு இதழிலும் ஐந்து பிரதி தனியாக எடுத்துவையுங்கள். ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று ஊர் வாசகசாலைக்கு, மூன்று உங்கள் கோப்பில். என்னிடம் எங்கள் இரண்டாவது இதழின் ஒரே ஒரு பிரதி இருக்கிறது, ஸ்டென்சில் மை மங்கிப் பாதிப் பக்கம் படிக்க முடியவில்லை. மூன்றாவதற்குத் திருத்திக் கொடுத்த புரூபைக்கூட நான் திரும்ப வாங்கிவைக்கவில்லை.